பழைய ரம்பமும் புதிய கார்புரேட்டரும்

பழம்பொருளைப் போற்றுவோர் இருதிறத்தினர். ஒரு சாரார் அதனைத் துடைத்துக் கண்ணாடிப் பேழையுள் வைத்துக் காண்பதோடு அமைவர். மற்றொரு சாரார், அஃது எத்தொழிலுக்கென்று பிறந்ததோ அத்தொழிலைச் செய்யக் காண்பதிலேயே மகிழ்வர். அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், கானடாவிலும், ஸ்வீடன், ஜெர்மனி முதலிய தேசங்களிலும், ஐம்பது அறுபது ஆண்டுகட்கு முன் செய்யப்பெற்ற சங்கிலி ரம்பங்களைத் தேடிச் சேர்த்துப் பழுதுபார்த்து ஓட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர் உளர். இவர்களுக்குள் ஓயாது நிகழும் வழக்கு ஒன்று உண்டு. பழைய ரம்பத்தின் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றை அதன் இடத்தில் பூட்டலாமா? பூட்டுவதாயின், அதன் வாயை அராவியும் துளையைக் குடைந்தும் யந்திரத்தின் வேகத்தை மிகுவிக்கலாமா? இஃது யாரோ மரம் வெட்டுவோரின் சில்லறை வழக்கு என்று நம் மாணவ நண்பர்கள் தள்ளிவிட வேண்டா. பௌதிக வகுப்பில் பெர்னூலியின் விதியை எழுதித் தேறியவர் எவர்க்கும் இதில் ஒரு சொல் சொல்ல உரிமை உண்டு. அச்சொல் தவறினால் ஒருவனுடைய கைகால்களுக்குக் கேடு நேர்தலும் உண்டு.

முதற்கண் இந்த யந்திரத்தின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் என்பவர் 1926-ம் ஆண்டில் மின்சாரத்தால் இயங்கும் ரம்பத்தையும், 1929-ம் ஆண்டில் பெட்ரோலால் இயங்கும் ரம்பத்தையும் செய்தார். இடையே, 1927-ம் ஆண்டில், எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவிலுள்ள டோல்மர் மலையில் தம் பெட்ரோல் ரம்பத்தைச் சோதித்து, அம்மலையின் பெயரையே தம் யந்திரத்துக்கும் இட்டார். இவை இருவர் கூடித் தூக்கவேண்டிய பெரும் பாரங்கள். பாரத்தினும் பெரியதோர் இடர் கார்புரேட்டரில் இருந்தது. அக்காலத்துக் கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு சிறு கிண்ணத்துள் நின்றது. அதன்மேல் மிதவை ஒன்று மிதந்து, மட்டம் உயர்ந்தபோது வாயிலை அடைத்தும், தாழ்ந்தபோது திறந்தும் காத்துவந்தது. நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளில் உள்ள மிதவைக் குழாயும் இதனையே செய்கிறது. கிண்ணத்தைச் சாய்த்துவிட்டால் மிதவைக்கு மட்டம் ஏது? ஆதலின், நிற்கும் மரத்தை வீழ்த்தும்போதும் வீழ்ந்த மரத்தைத் துண்டாக்கும்போதும் எஞ்சினை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு, சங்கிலி ஓடும் வாட்பகுதியை மாத்திரம் திருப்பிக்கொள்ளும்படியான ஏற்பாடு தேவையாயிற்று.

1940-களின் இறுதியில் இத்தொழிலின் முகமே மாறியது. ஆரிகன் நாட்டு மரவெட்டியாகிய ஜோசப் காக்ஸ் என்பவர், மரத்தைத் துளைக்கும் வண்டுப்புழுவின் தாடை இடமும் வலமுமாய் அரிவதைக் கூர்ந்து நோக்கி, அதனைப் போன்ற பற்களையுடைய சங்கிலியை 1947-ம் ஆண்டில் விற்கத் தொடங்கினார். 1949-ம் ஆண்டில் மக்கல்லக் நிறுவனத்தார் வெளியிட்ட 3-25 என்னும் ரம்பம் இருபத்தைந்து பவுண்டே நிறையுடையது. ஒருவன் தனியே தூக்கி அறுக்கும் காலம் வந்தது. அதற்குத் துணையாக மிதவையில்லாத கார்புரேட்டரும் பரவியது. டில்லட்ஸன் நிறுவனத்தாரின் ‘எச். எல்.’ என்னும் வரிசை இவ்வகையிற் பெயர்பெற்றது. 1950-களிலும் 1960-களிலும் செய்யப்பெற்ற ரம்பங்கள் பலவற்றின் வயிற்றுள் இன்றும் இதனையே காணலாம்.

இதனுள் நடப்பதைச் சொல்லுவேன். காற்று குறுகிய தொண்டை வழியே ஓடும்போது வேகம் மிகும். வேகம் மிக, அங்கே அழுத்தம் குறையும். 1738-ல் பெர்னூலி வெளியிட்டதும், 1797-ல் வென்டூரி குழாய்களில் ஆராய்ந்து எழுதியதும் இந்நியாயத்தைப் பற்றியனவே. அழுத்தம் குறைந்த அத்தொண்டையில் நுண்ணிய துளை ஒன்று இருப்பின், பெட்ரோல் தானே உறிஞ்சப்பட்டுத் தூவலாய்க் காற்றோடு கலக்கும். அத்துளைக்குப் பின்னுள்ள சிற்றறையின் ஒரு சுவர் டயாஃப்ரம் என்னும் மெல்லிய சவ்வு. அறையில் பெட்ரோல் குறையுந்தோறும் வெளிக்காற்று சவ்வை உள்ளே அமுக்கும். சவ்வு ஒரு சிறு நெம்புகோலை அழுத்தும். நெம்புகோல் ஊசியை விலக்கிப் புதிய பெட்ரோலை உள்ளே விடும். தலைகீழாய்ப் பிடித்தாலும் இத்தொழில் தடைப்படாது. டாங்கியிலிருந்து பெட்ரோலை ஏற்றுவதும் மற்றொரு சவ்வே. பிஸ்டன் மேலுங்கீழும் போய்வருகையில் கிராங்க்கேஸினுள் அழுத்தம் ஏறி இறங்குகிறதன்றோ? அந்த ஏற்றத் தாழ்வு ஒரு சிறு துளை வழியே கார்புரேட்டரை அடைந்து, அச்சவ்வை நாடித் துடிப்புப்போல் துடிக்கச் செய்கிறது. இந்தத் துடிப்புத் துளையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதனிடம் மீண்டும் வருவோம்.

இனி வழக்கிற்கு வருவோம். என் துணிபு யாதெனின், கழற்றி எறியப்படும் கார்புரேட்டர்களிற் பெரும்பாலன குற்றமற்றவை. எஞ்சின் கிளம்பிச் சற்றே ஓடி அடங்கிவிடுகிறது. அல்லது த்ராட்டிலை அழுத்தியதும் விக்கி நின்றுவிடுகிறது. உடனே கார்புரேட்டர் மீது பழி விழுகிறது. ஆனால் கிராங்க் தண்டின் இருமுனையிலும் உள்ள ரப்பர் ஸீல்கள் ஐம்பது ஆண்டுகளில் உலர்ந்து சுருங்கியிருக்கும். அவ்வழியே கள்ளத்தனமாய்ப் புகும் காற்று கலவையை நீர்க்கச் செய்யும். டாங்கியுள் இருக்கும் பெட்ரோல் குழாய் நைந்து வெடித்திருக்கும். கார்புரேட்டருக்கு முன்னுள்ள சிறு வலை மரத்தூளால் அடைபட்டிருக்கும். இவற்றுள் எதையும் பாராமல் புதிய கார்புரேட்டரைப் பூட்டுகிறவன், வயிற்றுநோய்க்குக் கண்மருந்து இடுகிறவனோடு ஒப்பாவான். கிராங்க்கேஸின் வாயில்களையெல்லாம் அடைத்து, சிறிது காற்றழுத்தம் ஏற்றியும், பின் உறிஞ்சியும், முள் நகராமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே கார்புரேட்டரின் மேல் வழக்குத் தொடுத்தல் தகும். கார்புரேட்டரே குற்றவாளியாயினும், சவ்வு விறைத்துப்போனதுதான் பெரும்பாலும் அதன் குற்றம். சவ்வும் காஸ்கெட்டும் ஊசியும் அடங்கிய பழுதுபார்ப்புத் தொகுதிகள் டில்லட்ஸன், வால்ப்ரோ முதலியவற்றின் பழைய மாதிரிகள் பலவற்றுக்கு இன்னும் கிடைக்கின்றன. அவற்றை மாற்றுவதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

சவ்வு விறைப்பதற்குக் காலம் மட்டும் காரணமன்று. இக்காலத்தில் அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலிற் பெரும்பகுதியில் நூற்றுக்குப் பத்து வரை எத்தனால் கலந்துள்ளது. பழைய ரப்பர்களிற் பல அதனைத் தாங்கா. சில உப்பும், சில கரையும். எத்தனால் நீரையும் ஈர்த்து வைத்துக்கொள்ளும். அந்நீர் உலோகத்தை அரிக்கும். இதனினும் நுட்பமானது ஒன்று உண்டு. தனிப் பெட்ரோல் ஒரு பங்கு முற்றும் எரிவதற்குக் காற்று எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு வேண்டும். எத்தனால் பத்து விழுக்காடு கலந்ததற்கு 14.1 பங்கு போதும். அதாவது அதே காற்றுக்குச் சற்று மிகுதியான எரிபொருளை விட்டாலன்றிக் கலவை நீர்த்துப்போகும். எனவே 1962-ம் ஆண்டுக் கையேட்டிற் சொன்ன அளவில் ஊசியைத் திறந்து வைத்துவிட்டு, ‘நூலிற் கண்டபடியே செய்தேன்’ என்று சொல்லுகிறவர்க்கு அந்நூல் துணை நில்லாது. எண்ணெயின் செய்தியும் இத்தகையதே. அக்காலத்துக் கையேடுகள் பல, பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய் சேர்க்கச் சொல்லின. இக்காலத்து எண்ணெய்கள் சிறந்தனவாதலின் ஐம்பதுக்கு ஒன்று என்பது புதிய ரம்பங்களுக்கு வழக்கமாகிவிட்டது. பழையவற்றை ஓட்டுவோர் பலர் முப்பத்திரண்டுக்கு ஒன்றிலோ நாற்பதுக்கு ஒன்றிலோ நிற்கின்றனர். அது நல்ல நடுநிலை என்றே நினைக்கிறேன். எவ்வளவு மாற்றினும், எண்ணெயின் பங்கு மாறும்போது துளைவழிச் செல்லும் பெட்ரோலின் பங்கும் மாறுகிறதாகையால், ஊசியையும் புதிதாய்த் திருத்தவேண்டும்.

கலவை நீர்த்தல் ஏன் இத்துணை அஞ்சத்தக்கது? இரண்டு வீச்சு எஞ்சினுக்குத் தனியே எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் எண்ணெயே அதற்கு உயிர். அப்பெட்ரோலின் ஈரமே ஒருவாறு குளிர்ச்சியும் தருகிறது. பெட்ரோலைக் குறைத்தால் எரிபொருள் மட்டுமன்றி எண்ணெயும் குளிர்ச்சியும் ஒருங்கே குறைகின்றன. கொடுமை யாதெனின், அழிவதற்குச் சற்று முன்னர் எஞ்சின் மிக்க உற்சாகத்தோடு கீச்சென்று கூவி ஓடும். புதியவன் அதனை வலிமையென்று மயங்கி மகிழ்வான். சில கணங்களில் அலுமினிய பிஸ்டன் சிலிண்டரில் உராய்ந்து கீறிச் சிக்கிக்கொள்ளும். அறிந்தவன் செவியையே நம்புவான். சுமையின்றி முழு வேகத்தில் ஓடும்போது சுழற்சிக்கு ஒன்று தவறி எரிந்து கரகரத்த ஒலி எழவேண்டும். வாள் மரத்திற் புகுந்து சுமை ஏறியதும் அக்கரகரப்பு நீங்கித் தெளிந்த ஒலியாதல் வேண்டும். வீணையின் பிரடையைத் திருகுவோன் செவியைத் தீட்டிக்கொள்வது போலவே, திருப்புளி பிடிப்போனும் இவ்வொலியைக் கேட்டுப் பழகவேண்டும். மரத்தில் இறக்கிப் பாராமல் சோதனை மேஜையின்மேல் வைத்தே திருத்தம் முடித்தேன் என்பாரை நான் நம்புவதில்லை.

ஆயினும், உடல் அரித்துப் பாழானதும், உறுப்புகள் எங்கும் கிடையாததுமான கார்புரேட்டர்களும் உண்டு. அவற்றுக்கு மாற்றுப் பூட்டுதலை நான் குற்றமென்று கூறேன். உயிர் போன கார்புரேட்டருக்காக ரம்பம் முழுவதையும் பரணில் ஏற்றுவதைவிட, வேறொன்றைப் பூட்டி ஓட்டுவதே அதனைச் செய்த கைகளுக்குச் செய்யும் மரியாதை. ஆனால் அம்மாற்று, பொருந்திவிட்டது என்ற அளவில் நின்றுவிடக் கூடாது. திருகாணித் துளைகளின் இடைவெளி ஒத்திருப்பதைக் கண்டு மகிழ்வோர், முன்னர்க் கூறிய துடிப்புத் துளையை மறந்துவிடுகிறார்கள். காஸ்கெட்டோ இடைத்தகடோ அத்துளையை மூடிவிட்டால், தொண்டையில் ஊற்றிய பெட்ரோல் உள்ளவரை எஞ்சின் ஓடி, பின் நின்றுவிடும். சில மாதிரிகளில் துடிப்பு தகட்டின் வழியே வரும். சிலவற்றில் தனிக்குழாய் வழியே வரும். ஒன்றுக்கு மற்றொன்றை இடுவதாயின் தகட்டில் புதுவழி தோண்டிக் கொடுக்கவேண்டும். நெம்புகோலின் உயரமும் அத்தகையதே. பல மாதிரிகளில் அது அறையின் தரையோடு சமமாக நிற்கவேண்டும். மயிரிழை உயர்ந்தால் பெட்ரோல் வழிந்து மூழ்கடிக்கும். தாழ்ந்தால் எஞ்சின் பட்டினி கிடக்கும்.

த்ராட்டில் இணைப்பைப் பற்றி ஒரு சொல் அழுத்திச் சொல்லவேண்டும். பழைய ரம்பத்தின் விசை இழுப்பது. புதிய கார்புரேட்டர் தள்ளுவதை எதிர்பார்ப்பதாயிருக்கலாம். கம்பியை வளைத்து எவ்வாறேனும் இணைத்துவிடுகிறார்கள். விரலை எடுத்தவுடன் வாயில் முற்றும் மூடுகிறதா, கம்பி எங்கேனும் தடைபட்டுத் திறந்தபடியே நின்றுவிடுமா என்று நூறுமுறை சோதித்தாலும் தகும். சங்கிலியைக் கணத்தில் நிறுத்தும் தடை 1970-களிற்றான் பரவியது. அதற்கு முற்பட்ட ரம்பத்தில் கைக்கும் சங்கிலிக்கும் நடுவே த்ராட்டில் ஒன்றே காவல். மந்த ஓட்டம் சற்று மிகுந்தாலும் கிளச் பிடித்துச் சங்கிலி தானே நகரத் தொடங்கும்.

இனி, மாற்றுவதோடு அமையாமல் பெரிதாக்க விழைவோரைக் காண்போம். இவர்கள் வாதம் வலிமையற்றதன்று. ‘மூச்சு மிகுந்தால் வலிமை மிகும். தொண்டையைக் குடைந்து அகலமாக்கினால் காற்று மிகுதியாய்ப் புகும். அதற்கேற்ப ஊசியைத் திறந்தால் பெட்ரோலும் மிகும். பின் வேகத்துக்குக் குறை என்ன?’ என்பர். இவர்களுக்குச் சான்றும் உண்டு. 1956-ம் ஆண்டில் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் முதல் கோ-கார்ட் வண்டியைச் செய்த பின், ரம்பத்தில் பிறந்த மக்கல்லக் எஞ்சின்கள் சில ஆண்டுகளில் அப்பந்தயங்களில் ஓடலாயின. கார்புரேட்டரைக் குடைதலும், மெதனால் என்னும் எரிசாராயத்தை ஊற்றுதலும் அங்கே கைத்தொழிலாகவே வளர்ந்தன. மெதனால் ஒரு பங்குக்குக் காற்று ஏறத்தாழ ஆறரைப் பங்கே வேண்டுமாதலால், எரிபொருள் செல்லும் துளைகளை இருமடங்குக்கு மேல் பெருக்கவேண்டியிருந்தது. 1985-ம் ஆண்டில் தொடங்கிய டிம்பர்ஸ்போர்ட்ஸ் பந்தயங்களிலும் இத்தகைய உக்கிர ரம்பங்கள் கட்டையைச் சில நொடியில் அறுத்துத் தள்ளுகின்றன.

அவ்வெஞ்சின்கள் அதற்கென்றே கட்டப்பெற்றவை, அல்லது அடிமுதல் முடிவரை மாற்றப்பெற்றவை. ஒரு பந்தயத்துக்குப் பின் பிரித்துப் பார்க்கப்படுபவை. பழைய ரம்பத்திலோ, சிலிண்டரின் வாயில்களும் புகைபோக்கியும் அவ்வாறே இருக்கத் தொண்டையை மட்டும் அகலமாக்கினால் என்ன நேரும்? அகன்ற தொண்டையில் காற்றின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் உறிஞ்சும் வலிமையும் குறையும். முழு ஓட்டத்தில் சிறிது லாபம் கிடைக்கலாம். ஆனால் தாழ்ந்த ஓட்டத்திலிருந்து எழும்போது பெட்ரோல் பின்தங்கி எஞ்சின் விக்கும். பெர்னூலியின் விதி இரண்டு பக்கமும் வெட்டும் வாள் என்பதை இவர்கள் நினைப்பதில்லை.

இதனினும் பெரிய அபாயம் ஒன்று உண்டு; இக்கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். பழைய பெரிய ரம்பங்கள் சிலவற்றில், குறிப்பாக ஷ்டீல் நிறுவனத்தாரின் 070, 090 போன்றவற்றில், வேகத்தைக் காக்கும் கவர்னர் ஒன்று டில்லட்ஸன் கார்புரேட்டருக்குள்ளேயே அமைந்திருக்கும். குறித்த வேகத்தைத் தாண்டியதும் எஞ்சினின் அதிர்வால் ஒரு சிறு அடைப்பு தன் வில்லை மீறி விலகி, மிகுதியான பெட்ரோலை உள்ளே விடும். கலவை தடித்து எஞ்சின் கரகரத்து வேகம் தணியும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஏதோ ஒரு தக்கை போலத் தோன்றும் இவ்வுறுப்பே அந்த எஞ்சினின் கடிவாளம். அவ்வெஞ்சின்களின் கனத்த பிஸ்டனும் இணைப்புத் தண்டும் தாழ்ந்த வேகத்தில் பெருஞ்சுமையை இழுப்பதற்கென்று செய்யப்பெற்றவை. 090-ன் கொள்ளளவு 137 கன சென்டிமீட்டர். இதற்குக் கவர்னர் இல்லாத மலிவான கார்புரேட்டர் ஒன்றை வாங்கிப் பூட்டி, மரத்தில் இறக்காமல் த்ராட்டிலை முழுதும் அழுத்துகிறவன் கடிவாளத்தை அறுத்துவிட்டுக் குதிரையைச் சாட்டையால் அடிக்கிறான். விற்போர் பெட்டியின்மேல் ‘பொருந்தும்’ என்று அச்சிட்டிருப்பார்கள். திருகாணிகள் பொருந்தும் என்பதுதான் அதன் பொருள். ‘கவர்னர் இருந்ததா? புதியதில் இருக்கிறதா?’ என்று கேளாமல் எந்தப் பழைய ரம்பத்திலும் கை வைத்தல் ஆகாது. கவர்னரின் கரகரப்பைக் கலவையின் கரகரப்பென்று எண்ணி ஊசியை மூடிக்கொண்டே போய் எஞ்சினைக் கொல்லுவாரும் உண்டு. இது எதிர்ப்புறத்துத் தவறு.

தூய்மை பேணுவோர் என் கட்சியில் சேர்ந்துவிட்டதாக மகிழ்ந்துவிட வேண்டா. கார்புரேட்டரின் ஒரு திருகாணியை மாற்றினாலும் தீட்டுப்பட்டதென்று அவர்கள் கூறுவதை நான் ஒப்பேன். அந்த ரம்பங்கள் காட்டில் வாழ்ந்த நாளில் அவற்றைக் கொண்டாடியோர் இத்தகைய ஆசாரம் பார்க்கவில்லை. உடைந்ததற்கு மற்றொரு ரம்பத்தின் உறுப்பைப் பிடுங்கி இட்டு மறுநாள் வேலைக்குப் போனார்கள். ரம்பத்தின் உடலில் துளையிடாமலும், அராவாமலும், இடைத்தகடு ஒன்றை நடுவே வைத்து, எந்நாளும் பழைய நிலைக்குத் திரும்பக்கூடியதாய்ச் செய்யும் மாற்றத்தால் எதுவும் அழிவதில்லை. மக்னீசிய வார்ப்பைக் குடைந்துவிட்டாலோ, மீட்க வழியில்லை. அவ்வார்ப்புகளை இனி எவரும் வார்க்கப்போவதும் இல்லை. என் எல்லைக்கோடு இங்கேதான் விழுகிறது. ‘என் பொருள், என் இஷ்டம்’ என்பார்க்கு நீதிமன்றத்தில் ஜயம் கிடைக்கும். அடுத்து அந்த ரம்பத்தை வாங்கி, உள்ளே நடந்ததை அறியாமல் கயிற்றை இழுக்கப்போகிறவன் அந்நீதிமன்றத்தில் இல்லை.

புதிய ரம்பங்களில் இவ்வழக்குக்கே இடம் குறைந்துவருகிறது. அமெரிக்க அரசாங்கத்தார் 1997-ம் ஆண்டு மாதிரிகள் முதல் சிறு எஞ்சின்களின் புகையையும் கட்டுப்படுத்தத் தொடங்கியபின், ஊசிகளைச் சிறிதளவுக்கு மேல் திருக முடியாதபடி மூடி போட்டுவிட்டார்கள். அதற்குப் பின் வந்தவற்றிற் சில தாமே மின்விசையால் கலவையைத் திருத்திக்கொள்கின்றன. செவிக்கு அங்கே வேலையில்லை. அவை நல்லவையே. ஆனால் அவற்றோடு பழகியவன் பழைய ரம்பத்தைக் கையிலெடுக்கும்போது, அஃது அவனையே முழுதும் நம்பியிருக்கிறது என்பதை அறியான்.

மாற்றத் துணிந்தவர்க்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊசிகளைக் கழற்றுமுன், மெல்ல மூடி, எத்தனை சுற்றுத் திறந்திருந்தன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு சுற்றின் அருகே இருக்கும். கழற்றிய கார்புரேட்டரை எறியாமல், கழுவி உலர்த்தி எண்ணெய் தடவி, பழைய காஸ்கெட்டோடும் கம்பிகளோடும் ஒரு டப்பியில் இடுங்கள். எந்த ரம்பத்தினது, என்று கழற்றியது, என்ன குறை, கவர்னர் உண்டா இல்லையா, அதன் இடத்தில் பூட்டியது எது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே வையுங்கள். ரம்பத்தை விற்கும் நாளில் அந்த டப்பியும் அதனோடு போகட்டும்.